தோலில் கரும்புள்ளி: லேசர் என்ன செய்யும், என்ன செய்யாது?

சென்ற மாதம் அறிவியல் பாடம் முடிந்ததும் படிவம் 4 மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு துண்டு விளம்பரத்தை நீட்டினாள். பேரங்காடி வாசலில் யாரோ கொடுத்ததாம். அதில் ஒரே முகத்தின் இரண்டு படங்கள். இடப்பக்கப் படத்தில் கன்னமெல்லாம் புள்ளிகள். வலப்பக்கப் படத்தில் புள்ளிகளும் இல்லை. முகத்தின் நிறமே மாறி வெளுத்திருந்தது. "லேசர்! வலியில்லை! முகத்தில் உள்ள கறுப்பு எல்லாம் போகும்!" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

"டீச்சர், பரு வந்த இடமெல்லாம் எனக்குக் கறுத்துப்போச்சு. இதைச் செஞ்சா போயிடுமா?"

'போகும்' என்றும் நான் சொல்லவில்லை; 'போகாது' என்றும் சொல்லவில்லை. "அந்த ஒளி தோலுக்குள் போய் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். அதற்குப் பிறகு இந்த விளம்பரத்தை நீயே மறுபடியும் படித்துப் பார்" என்றேன். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக உங்களுக்குச் சொல்கிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

தோலின் வெளி அடுக்கு மேல்தோல். உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன்தான். அதற்குக் கீழே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள்ள அடித்தோல் இருக்கிறது. மேல்தோலின் அடிவரிசையில் ஆங்காங்கே மெலனோசைட் என்னும் உயிரணுக்கள் அமர்ந்திருக்கின்றன. மெலனின் என்ற நிறப்பொருளைத் தயாரிப்பது இவைதாம்.

மெலனோசைட், மெலனினைச் சின்னஞ்சிறு பொட்டலங்களாகக் கட்டிச் சுற்றியுள்ள தோல் உயிரணுக்களுக்கு அனுப்புகிறது. அந்தப் பொட்டலத்தின் பெயர் மெலனோசோம். அதன் அளவு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பொட்டலத்தைப் பெற்ற உயிரணு அதைத் தன் உட்கருவின் மேல் குடைபோல் விரித்து வைத்துக்கொள்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வைத் தாக்காமல் தடுக்கும் குடை அது.

கறுப்பு நிறத்தவருக்கும் வெள்ளை நிறத்தவருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது அவை தயாரிக்கும் மெலனினின் அளவும் வகையும், பொட்டலங்களின் பருமனும், அவை பரவியிருக்கும் விதமும். நம்மில் பலருக்குத் தோல் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் நோயோ அழுக்கோ அல்ல. குடை நன்றாக விரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சில இடங்களில் மட்டும் மெலனின் அளவுக்கு மீறிச் சேரும்போதும், இருக்கக்கூடாத ஆழத்தில் தங்கிவிடும்போதும் அதைக் கரும்புள்ளி, கறை, திட்டு என்று சொல்கிறோம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். புள்ளியில் இருப்பதும் மெலனின்தான். சுற்றியுள்ள தோலில் இருப்பதும் அதே மெலனின்தான்.

கறுப்புக் காலணி, வெள்ளைக் காலணி

உங்கள் அண்ணன், அக்காள் பள்ளிக்கு வெள்ளைக் காலணி அணிந்து சென்றார்கள். நீங்கள் கறுப்புக் காலணி அணிகிறீர்கள். வெயிலில் திடலில் அரை மணி நேரம் நின்றால் எந்தக் காலணி அதிகம் சுடும்? கறுப்புதான். வெள்ளை, தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கறுப்பு ஒளியை உறிஞ்சி வெப்பமாக மாற்றுகிறது.

லேசர் சிகிச்சையின் அடிப்படை இதுதான். மெலனின் ஒளியை உறிஞ்சும், சூடாகும், போதிய சூடு ஏறினால் உடையும். ஒளியை அதிகம் உறிஞ்சாத பக்கத்துத் திசு அவ்வளவாகச் சூடாகாது.

அப்படியென்றால் சாதாரண விளக்கு போதாதா? போதாது. விளக்கின் ஒளியில் பல நிறங்கள் கலந்திருக்கும். அது எல்லாத் திசைகளிலும் சிதறும். லேசரோ ஒரே அலைநீளம் கொண்ட ஒளி. ஒரே திசையில் குறுகிய கற்றையாகச் செல்லும். எந்த நிற ஒளி வேண்டும், எவ்வளவு ஆற்றல் வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம்.

1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், அமெரிக்க இயற்பியலாளர் தியடோர் மெய்மன் ஒரு ரூபிப் படிகத்தைக் கொண்டு உலகின் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். மே 16 நமக்கு ஆசிரியர் தினம். உலகுக்கு அது அனைத்துலக ஒளி தினமும்கூட. மெய்மனின் லேசரை நினைவுகூரும் வகையில்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய லேசரின் ஒளி ஆழ்ந்த சிவப்பு. அலைநீளம் 694 நானோமீட்டர்.

அடுத்த சில ஆண்டுகளிலேயே சின்சினாட்டி நகரத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் லேசரை மனிதத் தோலில் சோதித்துப் பார்த்தார். கரு நிறப் பகுதிகள் அந்த ஒளியை அதிகம் உறிஞ்சுவதை அவர் கண்டார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. புள்ளியில் உண்டான வெப்பம் பக்கத்திலும் பரவினால் நல்ல தோலும் வெந்து, தழும்பு விழுந்துவிடும்.

நேரம்தான் சூட்சுமம்

இந்தச் சிக்கலுக்குத் தெளிவான விடை 1983இல் கிடைத்தது. ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பேரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி மிக எளிமையானது: சூடான பொருள் ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அம்மா எண்ணெயிலிருந்து வடையை எடுத்துத் தட்டில் வைக்கிறார். கூடவே சில தூள்களும் வந்து விழுகின்றன. தூளை உடனே வாயில் போடலாம். வடையைப் போட்டால் நாக்கு வெந்துவிடும். பொருள் சிறியதாக இருந்தால் வேகமாக ஆறும். மெலனோசோம் ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான் என்பதால், அது தன் வெப்பத்தை இழக்க ஏறக்குறைய ஒரு மைக்ரோ வினாடி போதும். அதாவது வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இப்போது ஓட்டை வாளியில் நீர் நிரப்புவதை நினைத்துப் பாருங்கள். மெதுவாக ஊற்றினால் வாளி நிரம்பாது, தரைதான் நனையும். ஒழுகுவதைவிட வேகமாக, ஒரே மூச்சில் ஊற்றினால் வாளி நிரம்பிவிடும். வெப்பமும் அப்படித்தான். லேசர் ஒளியை மெதுவாகக் கொடுத்தால் வெப்பம் மெலனோசோமிலிருந்து ஒழுகிப் பக்கத்துத் திசுவைச் சுடும். அது ஆறும் நேரத்துக்கு முன்பாகவே முழு ஆற்றலையும் கொடுத்து முடித்தால் வெப்பம் உள்ளேயே தங்கும். மெலனோசோம் வெடித்துச் சிதறும். பக்கத்தில் இருப்பது தப்பிவிடும்.

இதற்காகவே 'கியூ-சுவிட்ச்' லேசர்கள் பயன்படுகின்றன. அணையின் மதகைப் போல ஆற்றலைத் தேக்கி வைத்துச் சட்டெனத் திறந்துவிடும் கருவிகள் இவை. இவற்றின் ஒளித்துடிப்பு சில நானோ வினாடிகளே நீடிக்கும். ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. வினாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் பாயும் ஒளி, அந்த நேரத்தில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்தான் நகர முடியும். உங்கள் பையில் இருக்கும் நீளமான அடிக்கோலின் அளவு!

அண்மைக் காலத்தில் பிக்கோ வினாடி லேசர்களும் வந்துவிட்டன. பிக்கோ என்பது நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கருவிகளின் துடிப்பு சில நூறு பிக்கோ வினாடிகள் நீடிக்கும். துடிப்பு இவ்வளவு குறுகியதாக இருக்கும்போது, வெப்பத்தோடு அதிர்வலையும் சேர்ந்து மெலனின் துகளை உடைக்கிறது.

எந்த ஒளி எதற்கு?

நேரத்தைப் போலவே அலைநீளமும் முக்கியம். அலைநீளம் குறைவாக இருந்தால் மெலனின் ஒளியை வலுவாக உறிஞ்சும். ஆனால் ஒளி ஆழமாகப் போகாது. அலைநீளம் கூடினால் மெலனின் குறைவாக உறிஞ்சும். ஒளி ஆழமாகப் போகும். மருத்துவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துபவை இவை:

• 532 நானோமீட்டர், பச்சை ஒளி: மேல்தோலில் உள்ள புள்ளிகளுக்கு.
• 694 நானோமீட்டர், ரூபி லேசர்: மெலனின் இதை நன்றாக உறிஞ்சும். மேலோட்டமான புள்ளிகளுக்கும் ஆழமான சில திட்டுகளுக்கும்.
• 755 நானோமீட்டர், அலெக்சாண்ட்ரைட் லேசர்: ரூபியைவிடச் சற்று ஆழமாகச் செல்லும்.
• 1064 நானோமீட்டர், என்டி-யாக் லேசர்: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. இந்த நான்கில் மிக ஆழமாகச் செல்வது. மேல்தோல் மெலனின் இதைக் குறைவாகவே உறிஞ்சுவதால் கரு நிறத் தோலுக்கு மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது.

விளம்பரங்களில் 'ஐ.பி.எல்.' என்றும் பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட் அல்ல! அது லேசரும் அல்ல. பல அலைநீளங்கள் கலந்த ஒளியை வடிகட்டி அனுப்பும் பளிச்சிடும் விளக்கு. வெளிர் தோலில் உள்ள வெயில் புள்ளிகளுக்கு உதவும். கரு நிறத் தோலில் தீக்காயம் ஏற்படும் அபாயம் அதிகம்.

சிகிச்சை முடிந்த உடனேயே புள்ளி மறைந்துவிடாது. மேலோட்டமான புள்ளி முதலில் இன்னும் கறுத்து, மெல்லிய பொருக்காகும். முகத்தில் அது ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் தானாக உதிரும். ஆழத்தில் உடைந்த துகள்களை உடலின் துப்புரவு உயிரணுக்கள் விழுங்கி அகற்ற வேண்டும். அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். லேசர் உடைத்துப் போடுகிறது. கூட்டி அள்ளுவது உங்கள் உடல்தான்.

எல்லாக் கறையும் ஒன்றல்ல

இதுவரை படித்ததை வைத்து ஒவ்வொரு வகைக் கறையையும் பார்ப்போம்.

வெயில் புள்ளிகள்: பல ஆண்டுகள் வெயில் பட்டதால் பெரியவர்களுக்கு வருபவை. மெலனின் மேல்தோலிலேயே இருப்பதால் லேசருக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனாலும் வெயிலில் பாதுகாப்பின்றித் திரிந்தால் புதியவை வரும்.

ஓட்டாவின் நீலத்திட்டு: கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும், பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். ஆசியர்களிடையே அதிகம் காணப்படுவது. 1939இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் மசாவோ ஓட்டாவின் பெயரால் அழைக்கிறார்கள். இங்கே மெலனோசைட்டுகள் அடித்தோலில் தங்கிவிட்டன. மெலனின் பழுப்பாக இருந்தும் திட்டு நீலமாகத் தெரிவது ஏன்? ஆழத்திலிருந்து வரும் ஒளியில், நீலம்போன்ற குறுகிய அலைநீளங்கள் அதிகம் சிதறி நம் கண்ணை அடைகின்றன. எந்தக் களிம்பும் எட்ட முடியாத ஆழம் அது. முன்பு இதற்கு நல்ல சிகிச்சையே இல்லை. இன்று சில மாத இடைவெளியில் பல முறை கியூ-சுவிட்ச் லேசர் கொடுத்து, பலருக்கு இதை நன்றாக மங்கச் செய்ய முடிகிறது. பிறந்ததிலிருந்து முகத்தை மறைத்தே நடந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று எண்ணிப் பாருங்கள்.

மங்கு: கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் இரு பக்கமும் படரும் பழுப்புத் திட்டு. பெண்களுக்கு, குறிப்பாகக் கர்ப்ப காலத்தில், அதிகம் வரும். இங்கே மெலனோசைட்டுகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு இருக்கின்றன. வெயில், வெப்பம், ஹார்மோன் எல்லாமே தூண்டுதல்கள். இருக்கும் மெலனினை லேசர் உடைத்தாலும் தொழிற்சாலை ஓய்வதில்லை. பல வேளைகளில் மங்கு திரும்பி வரும். சில வேளைகளில் முன்னிலும் கறுக்கும். அதனால் மருத்துவர்கள் முதலில் வெயில் பாதுகாப்பையும் மருந்துக் களிம்பையும்தான் தருவார்கள்.

பருவுக்குப் பிந்திய கறை: என் மாணவி கேட்டது இதைத்தான். பரு, காயம், கொசுக்கடி என எதனால் தோல் அழற்சி கண்டாலும், நம்மைப் போன்ற கரு நிறத் தோலில் மெலனோசைட்டுகள் கிளர்ந்து கூடுதல் மெலனினைக் கொட்டிவிடும். பரு ஆறிய பிறகும் கறை நிற்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மங்கும். ஆனால் பருவைக் கிள்ளுவதும் வெயிலில் காய்வதும் அதை நீட்டிக்கும்.

கழுத்துக் கருமை: பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணிபோல் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "நன்றாகத் தேய்த்துக் குளி" என்று வீட்டில் திட்டும் வாங்கியிருப்பீர்கள். அது அழுக்கு அல்ல. பல வேளைகளில் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதன் அடையாளம். நீரிழிவு வரும் வாய்ப்பை முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கை. இங்கே முதலில் தேவைப்படுவது லேசர் அல்ல, இரத்தச் சோதனை. உணவையும் உடற்பயிற்சியையும் சரிசெய்து உடல்நிலை சீரானால் கழுத்தும் வெளுக்கத் தொடங்கும். லேசரால் மட்டும் அந்தக் கருமையை மறைத்துவிட்டால், அடித்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமம்.

மச்சம்: அளவோ வடிவமோ நிறமோ மாறிவரும் மச்சத்தின் மேல் லேசர் அடிக்கவே கூடாது. அது தோல் புற்றுநோயாக இருந்தால் அடையாளம் மறைந்து, கண்டறிவது தாமதமாகிவிடும். மருத்துவர் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

நம் தோலுக்கு ஏன் கூடுதல் கவனம்?

புள்ளியில் இருப்பதும் தோலில் இருப்பதும் ஒரே மெலனின் என்று சொன்னேன் அல்லவா? இப்போது அதன் விளைவைப் பாருங்கள். லேசருக்குக் கண் இல்லை. 'இது கறை, இது இவருடைய இயற்கை நிறம்' என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. மெலனின் எங்கே இருந்தாலும் அங்கே சுடும்.

வெளிர் தோலில் கரும்புள்ளி, வெள்ளைத் தாளில் விழுந்த மைபோன்றது. ஒளி மையை மட்டும் தேடிப் பிடிக்கும். கரு நிறத் தோலில் வழியெங்கும் மெலனின். ஒளியின் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள தோலே உறிஞ்சிவிடுகிறது. ஆற்றல் சற்றுக் கூடினாலும் மூன்று விபத்துகள் நேரலாம். ஒன்று, தீக்காயம். இரண்டு, அந்தக் காயத்தின் அழற்சியால் புதிய கறை. எதை நீக்கப் போனோமோ அதுவே மறுபடியும் வரும். மூன்று, மெலனோசைட்டுகள் பாதிக்கப்பட்டு வெள்ளைப் புள்ளிகள் விழுதல். முகத்தை வெளுக்க வைப்பதற்காகக் குறைந்த ஆற்றலில் திரும்பத் திரும்ப லேசர் அடிப்பதாலும் இப்படிப் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் புள்ளிகள் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

1975இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதைக் கொண்டு தோலை வகைப்படுத்தினார். அது இன்று 1 முதல் 6 வரை ஆறு வகைகளாகப் பயன்படுகிறது. இந்திய வம்சாவளியினர் பெரும்பாலும் 4 முதல் 6 வரையிலான வகைகளில் அடங்குவர். அனுபவமுள்ள மருத்துவர் முதலில் இந்த வகையைப் பார்ப்பார். பிறகுதான் அலைநீளத்தையும் ஆற்றலையும் முடிவு செய்வார். காதோரம் போன்ற மறைவிடத்தில் ஒரு சிறு பகுதியில் சோதித்து, சில வாரங்கள் காத்திருந்து பார்ப்பதும் உண்டு.

கண்ணுக்கும் கவசம் வேண்டும். விழித்திரையின் பின்னாலும் மெலனின் இருக்கிறது; கண்வில்லையோ ஒளியை அங்கேதான் குவிக்கிறது. ஒரே ஒரு துடிப்பு பார்வையைப் பறித்துவிடலாம்.

போவதற்கு முன் கேளுங்கள்

மலேசியாவில் லேசர் சிகிச்சையைப் பதிவு பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும். அழகியல் சிகிச்சை செய்யும் பொது மருத்துவர், சுகாதார அமைச்சிடம் 'எல்.சி.பி.' என்ற அங்கீகாரக் கடிதம் பெற்றிருக்க வேண்டும். அழகு நிலையங்களில் இதைச் செய்ய அனுமதி இல்லை. யாராவது உங்கள் வீட்டில் லேசருக்குப் போவதாகச் சொன்னால் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்:

• என் கறை எந்த வகை? அது எந்த ஆழத்தில் இருக்கிறது?
• எந்த லேசர், எந்த அலைநீளம்? என் தோல் வகைக்கு அது ஏற்றதா?
• எத்தனை முறை வர வேண்டும்? திரும்பி வரும் வாய்ப்பு எவ்வளவு?
• லேசர் இல்லாத வேறு வழி உண்டா?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாத இடத்தில் பணத்தையும் முகத்தையும் ஒப்படைக்க வேண்டாம்.

இணையத்தில் விற்கும் வெளுக்கும் களிம்புகள் இதைவிட ஆபத்தானவை. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருப்பதைக் கண்டுபிடித்து, நம் நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ. பலமுறை தடை செய்துள்ளது. பாதரசம் மெலனின் உற்பத்தியைத் தடுப்பது உண்மைதான். ஆனால் தோல் வழியாக உள்ளே நுழைந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். ஒரு களிம்பு முறைப்படி அறிவிக்கப்பட்டதா என்று என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

என் மாணவிக்கு நான் சொன்ன முடிவு இதுதான். பருவைக் கிள்ளாதே. பரு அதிகம் என்றால் கிளினிக்கில் காட்டு. பரு நின்றால் புதிய கறையும் நிற்கும். வெளியே போகும்போது எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில் களிம்பு போடு. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோம். இங்கே ஆண்டு முழுவதும் புற ஊதாக் கதிர் கடுமைதான். கறைக்குச் சில மாதங்கள் நேரம் கொடு.

பிறகு அந்தத் துண்டு விளம்பரத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். அவள் 'எல்லாம்' என்ற சொல்லின் கீழ் பேனாவால் கோடு போட்டாள். "டீச்சர், கறை போனது சரி. ரெண்டாவது படத்துல ஏன் முகத்தோட நிறமும் போச்சு?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கறைக்குச் சிகிச்சை உண்டு. நிறம் கறை அல்ல. அது உங்கள் உயிரணுக்கள் உங்களுக்குப் பிடித்திருக்கும் குடை.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரு கியூ-சுவிட்ச் லேசரின் துடிப்பு 6 நானோ வினாடி. அந்த நேரத்தில் ஒளி எவ்வளவு தூரம் செல்லும்?
2. வெள்ளை முடியை லேசரால் நீக்குவது ஏன் கடினம்?
3. சிகிச்சைக்கு முன் சில வாரங்கள் வெயிலில் காயக்கூடாது என்று மருத்துவர் சொல்வது ஏன்?

விடைகள்: 1. ஏறக்குறைய 180 சென்டிமீட்டர். 2. ஒளியை உறிஞ்ச அதில் மெலனின் இல்லை. 3. வெயில் பட்டால் தோலில் மெலனின் கூடும்; லேசர் ஒளியைச் சுற்றியுள்ள தோலே அதிகம் உறிஞ்சித் தீக்காயம் ஏற்படலாம்.